யார்டு கேட் ஆப்: ராத்திரி பகல் ஓடுற சிஸ்டத்துக்கு தானியங்கி டெப்ளாய் எப்படி அமைக்கிறது?

மணலி_மார்க்கம் கேட்டது:

வணக்கம் மக்களே. மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் இருக்கிற கண்டெய்னர் யார்டுகளுக்கான வெப் ஆப் இது. டிரெய்லர் டிரைவர் போன்ல டோக்கன் போடுவார். கேட்ல உக்காந்திருக்கிற கிளார்க்கோட ஸ்கிரீன்ல அது வரிசையா வரும். அவர் ஓகே கொடுத்தா கேட் பாஸ் பிரிண்ட் ஆகும்.

ஏபிஐ (பின்னால ஓடுற சர்வர் கோட்) நோட் ஜேஎஸ், டேட்டாபேஸ் ஆர்டிஎஸ்ங்கிற சர்வீஸ்ல போஸ்ட்கிரஸ், முன்பக்கம் ரியாக்ட். எல்லாம் ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) மும்பை ரீஜன்ல. ஏபிஐ இசிஎஸ் ஃபார்கேட்ல (டாக்கர் கண்டெய்னரை ஓட்டுற சர்வீஸ்) 2 டாஸ்க் (ஓடுற பிரதி), அதுக்கு முன்னால ஏஎல்பி (ரெக்வஸ்டைப் பிரிச்சு அனுப்புற லோட் பேலன்சர்). முன்பக்கம் எஸ்3 (ஃபைல் கிடங்கு), கிளவுட்ஃப்ரண்ட் (அந்த ஃபைலை வேகமா கொடுக்கிற கேஷ்). கோட் கிட்ஹப்ல பிரைவேட் ரெப்போ.

இப்போதைக்கு டெப்ளாய்னா, அதாவது புது கோடை ஓட விடுறதுன்னா, யாராவது ஒருத்தர் லேப்டாப்ல டாக்கர் இமேஜ் (ஆப்பையும் அது ஓடத் தேவையானதையும் சேர்த்த பொதி) கட்டி, லேட்டஸ்ட்னு டேக் போட்டு இசிஆர்ல (இமேஜ் கிடங்கு) ஏத்தி, கன்சோல்ல போய் ஃபோர்ஸ் நியூ டெப்ளாய்மென்ட் அழுத்துறது. மைக்ரேஷனும் (டேட்டாபேஸ் டேபிள் அமைப்பை மாத்துறது) லேப்டாப்ல இருந்துதான். இதை மெயின் பிராஞ்ச்ல மெர்ஜ் ஆனதும் தானா நடக்கிற மாதிரி மாத்தணும்.

சிக்கல் இதுதான். டெப்ளாய் பண்ற நேரத்துல 502 எரர் (ஏஎல்பிக்கு ஆப்ல இருந்து சரியான பதில் வரல) கொஞ்சம் வருது. டிரைவருங்க பேஜைத் திறந்து வெச்சுட்டு வரிசையில மணிக்கணக்கா நிப்பாங்க. டெப்ளாய்க்கு அப்புறம் பட்டனைத் தொட்டா வெள்ளை ஸ்கிரீன். "ஆள் இல்லாத நேரத்துல பண்ணுங்க"ன்னு சொல்லிடாதீங்க, ராத்திரி 2 மணிக்கும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல டிரெய்லர் நிக்குது. அக்சஸ் கீயை கிட்ஹப் சீக்ரெட்ல போட்டா போதுமா, அதையும் சொல்லுங்க.

---

ராயபுரம்_ரன்னர்:

மெர்ஜ் ஆனதும் தானா போறது ஒரு மதியத்துல முடியற வேலை. கஷ்டம் வேற இடத்துல இருக்கு. ஒவ்வொரு டெப்ளாய்லயும் பழைய வெர்ஷனும் புதுசும் சில நிமிஷம் பக்கத்துல பக்கத்துல ஓடும். டிரைவர் போனையும் கணக்குல சேர்த்தா அது மணிக்கணக்கு. உங்க 502, வெள்ளை ஸ்கிரீன், மைக்ரேஷன் பயம் மூணுமே அந்த இடைவெளியில பொறக்குறதுதான். நான் பைப்லைனை மட்டும் சொல்றேன், மத்ததை மத்தவங்க சொல்லுவாங்க.

லேட்டஸ்ட் டேக்கை இன்னைக்கே விடுங்க. இமேஜுக்கு கமிட்டோட எஸ்ஹெச்ஏவையே (அதோட தனி அடையாளக் குறி) டேக்கா வைங்க. இசிஆர் ரெப்போல டேக் இம்யூட்டபிலிட்டியை ஆன் பண்ணுங்க, ஒரே பேர்ல ரெண்டாவது இமேஜ் ஏத்தவே முடியாது. லேட்டஸ்ட்ல இருக்கிற வரைக்கும் ரோல்பேக்னு (பழைய வெர்ஷனுக்குத் திரும்புறது) ஒண்ணு கிடையாது. பழைய டாஸ்க் டெஃபனிஷனுக்குத் (எந்த இமேஜை எப்படி ஓட்டணும்ங்கிற குறிப்பு) திரும்பினாலும் அதுலயும் லேட்டஸ்ட்னுதான் எழுதியிருக்கும், அதே ஓட்டை இமேஜ்தான் திரும்ப ஏறும்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல (கோட் மாறினதும் வேலைகளைத் தானா ஓட்டுற வசதி) வரிசை இப்படி இருக்கட்டும்: டெஸ்ட், அப்புறம் இமேஜ் கட்டி இசிஆர்ல ஏத்துறது, மைக்ரேஷன், ஏபிஐ டெப்ளாய், கடைசியா முன்பக்கம். முன்பக்கத்தை முதல்ல அனுப்பினா அது கூப்பிடுற ஏபிஐ இன்னும் பொறந்தே இருக்காது. இமேஜ் ஒரே ஒரு தடவைதான் கட்டணும். ஸ்டேஜிங்ல (சோதனை இடம்) ஓடின அதே இமேஜ்தான் புரொடக்‌ஷனுக்குப் போகணும், வித்தியாசம் என்விரான்மென்ட் வேரியபிள்ல மட்டும். டாக்கர்ஃபைல்ல பேக்கேஜ் ஜேசானையும் லாக் ஃபைலையும் முதல்ல காப்பி பண்ணி என்பிஎம் சிஐ ஓட்டுங்க, சோர்ஸ் கோடை அதுக்கப்புறம் காப்பி பண்ணுங்க. இல்லாட்டி ஒரு வரி மாத்தினாலும் மொத்த பேக்கேஜும் திரும்ப இறங்கும்.

யாராவது எம் சீரிஸ் மேக்புக்ல கட்டுறாங்களா? அது ஆர்ம் இமேஜ். ஃபார்கேட் எக்ஸ்86-ல இருந்தா டாஸ்க் கிளம்பின உடனே எக்ஸெக் ஃபார்மேட் எரர்னு விழும். கிட்ஹப் ரன்னர்ல (ஜாப் ஓடுற மெஷின்) கட்ட ஆரம்பிச்சா இது தானா போயிடும்.

அக்சஸ் கீ வேண்டாம். நிரந்தர சாவி கசிஞ்சா யார் கையில இருக்குன்னே தெரியாது. ஓஐடிசி (நிரந்தர சாவி இல்லாம அடையாளத்தை நிரூபிக்கிற முறை) போடுங்க: ஐஏஎம்ல (ஏடபிள்யூஎஸ்ஸோட அனுமதிப் பிரிவு) கிட்ஹப்பை ஐடென்டிட்டி புரொவைடரா சேர்த்து ஒரு ரோல் உருவாக்கினா, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தற்காலிக சாவி கிடைக்கும். ரோலோட டிரஸ்ட் பாலிசில சப்-னு வர்ற கிளெய்ம்ல (யார் கேக்குறாங்கன்னு சொல்ற வரி) ரெப்போ பேரும் மெயின் பிராஞ்சும் அச்சு அசலா இருக்கணும். அங்க நட்சத்திரக் குறி போட்டு விட்டுட்டா யாரோ திறந்த ஃபீச்சர் பிராஞ்ச்ல இருந்தும் புரொடக்‌ஷனுக்குக் கதவு திறக்கும். அந்த ரோலுக்கு பாஸ்ரோல் அனுமதி (வேற ரோலை டாஸ்க்குக்குக் கொடுக்கிற உரிமை) தேவை. டாஸ்க் ரோல், எக்ஸிக்யூஷன் ரோல் ரெண்டோட ஏஆர்என்னையும் (முழு அடையாளப் பேர்) அதுல எழுதுங்க. ஒண்ணு விட்டுப்போனா டாஸ்க் டெஃபனிஷன் ரெஜிஸ்டர் ஆகாம நின்னுடும். முதல் தடவை அமைக்கிறவங்க பாதிப் பேர் இங்கதான் மாட்டுவாங்க.

கன்கரன்சி குரூப் (ஒரு நேரத்துல ஒரு ஜாப்தான் ஓடணும்ங்கிற அமைப்பு) ஒண்ணு வைங்க, ஆனா ஓடிட்டிருக்கிறதை ரத்து பண்ற ஆப்ஷன் புரொடக்‌ஷன் ஜாப்ல ஃபால்ஸா இருக்கணும். பாதி மைக்ரேஷன்ல ஜாப்பை வெட்டிட்டா அப்புறம் டேட்டாபேஸ் எந்த நிலைமையில இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

இசிஎஸ் சர்வீஸ்ல மினிமம் ஹெல்தி 100 சதவீதம், மேக்ஸிமம் 200 சதவீதம். டெப்ளாய்மென்ட் சர்க்யூட் பிரேக்கரை ரோல்பேக்கோட ஆன் பண்ணுங்க. 2 டாஸ்க் சர்வீஸுக்கு 3 தடவை டாஸ்க் எழும்பாம விழுந்தா பழையதுக்குத் திரும்பிடும். இங்க ஒரு பொறி இருக்கு. பைப்லைன்ல "சர்வீஸ் ஸ்டேபிள் ஆகுற வரை காத்திரு"ன்னு வெச்சிருப்பீங்க. ரோல்பேக் முடிஞ்சு பழைய வெர்ஷன் நிலைச்சாலும் அது ஸ்டேபிள்தான். ஜாப் பச்சையா முடியும், புது கோட் போயிருக்காது. அதனால கடைசி ஸ்டெப்ல ஏபிஐயோட வெர்ஷன் முகவரியைக் கூப்பிட்டு, வர்ற எஸ்ஹெச்ஏ நீங்க ஏத்தினதுதானான்னு ஒப்பிட்டுப் பாருங்க. இல்லன்னா ஜாப் ஃபெயில்.

---

பெரம்பூர்_லோகோ:

502-க்கு நான்.

உங்க டாக்கர்ஃபைலோட கடைசி வரி என்பிஎம் ஸ்டார்ட்டா? அப்போ டாக்கர் கண்டெய்னர்ல 1-ம் நம்பர் புராசஸ் என்பிஎம். இசிஎஸ் அனுப்புற சிக்டெர்ம் (ஒழுங்கா முடிச்சுக்கோங்கிற சிக்னல்) அதுகிட்டதான் போகுது, உங்க நோட் புராசஸ் வரைக்கும் ஒழுங்கா போய்ச் சேரும்னு நம்ப முடியாது. 30 செகண்ட் பார்த்துட்டு சிக்கில் (உடனே கொல்ற சிக்னல்) போட்டு முடிச்சிடும், கையில இருந்த ரெக்வஸ்ட் எல்லாம் காலி. சந்தேகம்னா கன்சோல்ல நின்னுபோன டாஸ்கைத் திறந்து எக்ஸிட் கோட் பாருங்க. 137 இருந்தா கொன்னிருக்கு. பெரும்பாலும் இதான் காரணம், மெமரி தீர்ந்தாலும் இதே 137 வரும்ங்கிறதால ஸ்டாப்டு ரீஸனையும் படிச்சுக்கோங்க. சரி பண்ண, சிஎம்டி வரியை சதுர அடைப்புக்குள்ள எழுதி நேரா நோட், சர்வர் ஃபைல்னு கொடுங்க. ஷெல் வழியா எழுதினா திரும்பவும் அதே கதை, அப்போ ஷெல்தான் 1-ம் நம்பர்.

கோட்ல சிக்டெர்ம் வந்ததும் சர்வர் குளோஸ் கூப்பிடுங்க, அது முடிஞ்சதும் டேட்டாபேஸ் பூலை மூடுங்க, அப்புறம் எக்ஸிட். உங்க கிளார்க் ஸ்கிரீன் தானா அப்டேட் ஆகுதுன்னா எஸ்எஸ்இயோ வெப்சாக்கெட்டோ (திறந்தே இருக்கிற நேரலைத் தொடர்பு) இருக்கும். அந்தக் கனெக்‌ஷன் திறந்திருக்கிற வரை சர்வர் குளோஸ் முடியவே முடியாது. அதையெல்லாம் நீங்களே ஒரு லிஸ்ட்ல வெச்சிருந்து மூடி விடணும். கிளையன்ட் பக்கம் திரும்ப சேர்றப்போ 1-ல இருந்து 5 செகண்டுக்குள்ள ஏதோ ஒரு ரேண்டம் இடைவெளி கொடுங்க, எல்லா கேட்டும் ஒரே நொடியில வந்து மோதக்கூடாது.

அடுத்தது கீப் அலைவ், அதாவது ஒரு தொடர்பை மூடாம திரும்பப் பயன்படுத்துறது. நோட்ல கீப்அலைவ்டைம்அவுட் டிஃபால்ட் ரொம்ப நாளா 5 செகண்ட். ஏஎல்பி ஐடில் டைம்அவுட் 60 செகண்ட். ஏஎல்பி "இந்தக் கனெக்‌ஷன் இன்னும் உயிரோட இருக்கு"ன்னு நம்பி ரெக்வஸ்ட் அனுப்புற அதே நொடியில நோட் அதை மூடினா 502. இது டெப்ளாய் இல்லாத நேரத்துலயும் சொட்டு சொட்டா வரும். நோட்ல அதை 65 செகண்டா ஏத்துங்க, ஹெடர்ஸ்டைம்அவுட் அதை விடக் கூடுதலா இருக்கட்டும்.

டார்கெட் குரூப் (ஏஎல்பி ரெக்வஸ்ட் அனுப்புற டாஸ்க் பட்டியல்) டிஃபால்ட்டுங்க நமக்கு ஒத்துவராது. ஹெல்த் செக் 30 செகண்டுக்கு ஒரு தடவை, 5 தடவை பாஸ் ஆகணும், அதாவது புது டாஸ்க் உள்ள வர ரெண்டரை நிமிஷம். 10 செகண்ட், 2 தடவைன்னு மாத்துங்க. டீரெஜிஸ்ட்ரேஷன் டிலே (பழைய டாஸ்கை எடுக்கிறதுக்கு முன்னால காத்திருக்கிற நேரம்) 300 செகண்ட். உங்க ரெக்வஸ்ட் எல்லாம் ஓரிரு நொடியில முடியும்னா 45 போதும். இந்த ரெண்டை மாத்தினாலே டெப்ளாய் நேரம் பாதிக்கும் கீழ இறங்கும்.

ஹெல்த் செக் பாத்ல டேட்டாபேஸ் குவெரி போடாதீங்க. ஆர்டிஎஸ் ஃபெயில்ஓவர்ல ஒரு நிமிஷம் தடுமாறினா ரெண்டு டாஸ்க்கும் அன்ஹெல்தி ஆகி, இசிஎஸ் ரெண்டையும் அடிச்சு, புதுசு கிளப்பி, அதுவும் விழுந்து... தேவையில்லாத கூத்து. புராசஸ் எழுந்து முதல் தடவை டேட்டாபேஸைத் தொட்ட பிறகு போர்ட்டைத் திறங்க, அதுக்கப்புறம் ஹெல்த்துக்கு சும்மா 200 கொடுத்தா போதும்.

இன்னொண்ணு. அலாரம் வைக்கிறப்போ டார்கெட் 5எக்ஸ்எக்ஸ் மெட்ரிக்கை மட்டும் வெச்சுட்டு விட்டுடுவாங்க. ஏஎல்பியே உண்டாக்குற 502 அதுல ஏறாது, ஈஎல்பி 5எக்ஸ்எக்ஸ்னு தனியா இருக்கு. ரெண்டுலயும் அலாரம் வெச்சு, ரெண்டையும் இசிஎஸ் டெப்ளாய்மென்ட் அலாரமா கோத்து விடுங்க. சர்க்யூட் பிரேக்கருக்கு டாஸ்க் எழும்புதா, ஹெல்த் செக் பாஸ் ஆகுதான்னு மட்டும்தான் தெரியும். ஹெல்த்துக்கு 200 கொடுத்துக்கிட்டு மத்த எல்லாத்துக்கும் 500 கொடுத்தா அது கண்டுக்காது.

---

வண்ணாரப்பேட்டை_வாசுகி:

மைக்ரேஷனை நான் எடுத்துக்கொள்கிறேன்.

லேப்டாப்பிலிருந்து ஓட்டுவதை நிறுத்தும்போது பலர் செய்வது, ஆப் எழும்பும்போதே மைக்ரேஷன் ஓடும்படி வைப்பது. 2 டாஸ்க் ஒரே நேரத்தில் எழும்பும், இரண்டும் ஓட்டப் பார்க்கும். நல்ல மைக்ரேஷன் டூல் அட்வைசரி லாக் போட்டு ஒன்றை நிறுத்தி வைக்கும். அப்போது காத்திருக்கும் டாஸ்க் ஹெல்த் செக்கில் தோற்று சாகும். கிட்ஹப் ரன்னரிலிருந்து நேராக ஆர்டிஎஸ்ஸுக்குப் போகலாம் என்று அதைப் பப்ளிக் ஆக்குவது இன்னும் மோசம்.

சரியான வழி: அதே இமேஜ், கமாண்டை மட்டும் மாற்றி இசிஎஸ் ரன்-டாஸ்க்காக ஒரு தடவை ஓட்டுவது. அது பிரைவேட் சப்நெட்டுக்குள்ளேயே ஓடும். ரன்-டாஸ்க் கமாண்ட் உடனே திரும்பிவிடும், வேலை முடிந்ததாக அர்த்தமில்லை. அதன்பின் டாஸ்க் நிற்கும் வரை வெயிட் கமாண்ட் போட வேண்டும். அது 6 செகண்டுக்கு ஒரு தடவையாக 100 தடவை, அதாவது 10 நிமிடம் பார்க்கும். டாஸ்க் நின்றது என்றால் ஜெயித்தது என்று பொருள் கிடையாது. டிஸ்க்ரைப்-டாஸ்க்ஸ் போட்டு கண்டெய்னரின் எக்ஸிட் கோட் 0 தானா என்று பாருங்கள். இந்த ஒரு சோதனை இல்லாத பைப்லைன்களில் மைக்ரேஷன் விழுந்த பிறகும் புது கோட் ஏறிவிடும்.

இனி மைக்ரேஷனின் உள்ளடக்கம். ராயபுரம் சொன்னதுபோல் பழைய கோடும் புதியதும் ஒரே டேபிளைத் தொடும் நேரம் கட்டாயம் உண்டு. எனவே ஒரு மைக்ரேஷன், தனக்கு முந்தைய வெர்ஷனை உடைக்கக் கூடாது. உங்கள் ஆப்பிலேயே எடுத்துக்காட்டு: டோக்கன் டேபிளில் வண்டி எண் என்று ஒரே ஃபீல்டு இருக்கிறது, அதை இழுவை வண்டி எண், டிரெய்லர் எண் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றி ஒரே மெர்ஜில் முடிக்கலாம் என்று தோன்றும். மாற்றிய நொடியில், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டாஸ்க்குகள் ஃபீல்டு இல்லை என்று கத்தும், கேட் நிற்கும்.

முதல் டெப்ளாயில் புது ஃபீல்டு இரண்டையும் நல் (காலி மதிப்பு) அனுமதியோடு சேருங்கள், வேறொன்றும் வேண்டாம். இரண்டாவதில் கோட் பழையதிலும் புதியதிலும் எழுதும், பழையதையே படிக்கும். பிறகு பழைய வரிகளை 1,000, 1,000-ஆக நிரப்பும் ஜாப், ஒவ்வொரு தொகுதிக்கும் தனி கமிட். மூன்றாவதில் புதியதைப் படிக்கத் தொடங்குங்கள். பழைய ஃபீல்டில் நாட் நல் (காலியாக இருக்கக் கூடாது என்ற விதி) இருந்தால் எழுதுவதை நிறுத்தும் முன் அதை எடுத்துவிட வேண்டும். பழையதை அழிப்பது கடைசியில், பல நாள் கழித்து. இதில் எந்த இடத்தில் கோடை ஒரு படி பின்னால் எடுத்தாலும் டேபிள் தாங்கும். டவுன் மைக்ரேஷன் (செய்த மாற்றத்தைத் திருப்புவது) எழுதி வைத்துப் புரொடக்‌ஷனில் ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இடையில் வந்த டோக்கன்களை அது என்ன செய்யும் என்று யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். கோடை மட்டும் பின்னால் எடுங்கள், டேபிளை முன்னோக்கியே திருத்துங்கள்.

லாக் விஷயம் தனி. ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) சில மில்லிசெகண்டில் முடியும் வேலையாக இருக்கலாம். ஆனால் யாரோ ஒருவர் ஓட்டிய நீண்ட ரிப்போர்ட் குவெரி அந்த டேபிளைப் பிடித்திருந்தால் ஆல்டர் காத்திருக்கும். ஆல்டருக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு செலக்டும் அதற்குப் பின்னால் வரிசை கட்டும். மாதவரம் ரவுண்டானாவில் ஒரு டிரெய்லர் குறுக்கே நின்றால் பின்னால் பைக்கும் நிற்கிற மாதிரி. மைக்ரேஷன் தொடக்கத்தில் லாக்_டைம்அவுட் 3 செகண்ட் என்று வையுங்கள். கிடைக்காவிட்டால் விழட்டும், சற்று விட்டு மறுபடி முயலட்டும்.

இன்டெக்ஸ் என்றால் கன்கரன்ட்லி (எழுதுவதைத் தடுக்காமல் கட்டும் ஆப்ஷன்) சேர்த்தே போடுங்கள். அது டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடாது, எனவே அந்த மைக்ரேஷன் ஃபைலில் டிரான்சாக்‌ஷனை அணைக்க வேண்டும். நடுவில் தோற்றால் இன்வேலிட் இன்டெக்ஸ் ஒன்று மிச்சம் நிற்கும், படிக்க உதவாது, டேபிளில் ஒவ்வொரு முறை எழுதுவதையும் மெதுவாக்கும். டிராப் செய்துவிட்டு மறுபடி கட்டுங்கள். போஸ்ட்கிரஸ் 11 முதல் நிலையான டிஃபால்ட்டோடு ஃபீல்டு சேர்த்தால் டேபிளைத் திருப்பி எழுதாது, அதில் பயமில்லை. நாட் நல் போடுவதற்கு முன் நாட் வேலிட் என்று செக் கன்ஸ்ட்ரெய்ன்ட் சேர்த்து, தனியாக வேலிடேட் செய்யுங்கள். 12-லிருந்து அதைப் பார்த்துக்கொண்டு, முழு டேபிளையும் லாக்கோடு மறுபடி படிக்காது.

---

தண்டையார்பேட்டை_டெர்மினல்:

நாலு யார்டு ஆப்புக்கு இம்மாம் பெரிய ஏற்பாடா? ஒரே ஒரு விஎம் (வாடகை சர்வர்), டாக்கர் கம்போஸ், முன்னாடி என்ஜின்எக்ஸ். கிட்ஹப்லேர்ந்து எஸ்எஸ்ஹெச் அடிச்சு புல் பண்ணி அப் பண்ணா முடிஞ்சிச்சு. இல்லாங்காட்டி கூகுள் கிளவுட் ரன். புது ரிவிஷனை டிராஃபிக் இல்லாம ஏத்தி, தனி யுஆர்எல்ல தட்டிப் பாத்து, 10 சதவீதம் திருப்பி விட்டு, ஓகேன்னா 100. ஏஎல்பி, டார்கெட் குரூப்னு எதையும் தொட வேணாம். அந்த நேட் கேட்வே (பிரைவேட் சப்நெட்லேர்ந்து வெளிய போற வழி) பில்லைப் பாத்தீங்களா ஃபர்ஸ்ட்டு?

---

ராயபுரம்_ரன்னர்:

தல, ஒரு யார்டு, பகல் ஷிஃப்ட் மட்டும்னா விஎம்மே போதும், நானும் அதான் சொல்வேன். ஆனா கம்போஸ் அப் கொடுத்தா பழைய கண்டெய்னரை நிறுத்திட்டுத்தான் புதுசைக் கிளப்பும். அந்த சில செகண்ட் இவருக்கு ஆகாது. ரெண்டு போர்ட்ல மாத்தி மாத்தி ஓட்டி என்ஜின்எக்ஸை ரீலோட் பண்ணலாம்தான், அப்படிப் பண்ணா இசிஎஸ் செய்றதையே கையால செய்றோம். தவிர கிட்ஹப் ரன்னர் ஐபி மாறிக்கிட்டே இருக்கும், எஸ்எஸ்ஹெச்னா 22-ம் போர்ட்டை ஊருக்கே திறந்து வைக்கணும். கிளவுட் ரன் நல்ல பொருள், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நானே சொல்வேன். இவரோட டேட்டாபேஸ் ஏற்கெனவே ஆர்டிஎஸ்ல உக்காந்திருக்கு, ஒவ்வொரு குவெரியும் ஒரு கிளவுட்ல இருந்து இன்னொண்ணுக்குப் போய் வரணும்.

நேட் பில் பாயிண்ட் நியாயம். மணிக்கணக்குக்கும் காசு, போற வர்ற ஜிபிக்கும் காசு. ஃபார்கேட் டாஸ்க்குகளை பப்ளிக் சப்நெட்ல பப்ளிக் ஐபியோட வெச்சு, செக்யூரிட்டி குரூப்ல ஏஎல்பியை மட்டும் உள்ள விட்டா நேட் இல்லாமலே ஓடும். அது மனசுக்கு ஒப்பலன்னா விபிசி எண்ட்பாயிண்ட் (ஏடபிள்யூஎஸ் சர்வீஸுக்கு உள்ளுக்குள்ளயே போற வழி): இசிஆர் ஏபிஐ, இசிஆர் டிகேஆர், லாக்ஸ், சீக்ரெட்ஸ் மேனேஜர், அதோட எஸ்3 கேட்வே. கடைசி ஒண்ணை மறந்துடுவாங்க. இசிஆர் லேயர் எல்லாம் எஸ்3-லதான் இருக்கு, அது இல்லன்னா இமேஜ் புல் பாதியில தொங்கும்.

---

மணலி_மார்க்கம்:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. எக்ஸிட் கோட் பார்த்தேன், 137தான். மெமரி பிரச்சினைன்னு ரீஸன்ல எதுவும் இல்ல.

ஓஐடிசி அமைச்சேன். டிரஸ்ட் பாலிசில ரெப்போ பேர், மெயின் பிராஞ்ச் ரெண்டும் சரியாத்தான் இருக்கு. இமேஜ் ஏத்துற ஜாப் ஓடுது, டெப்ளாய் ஜாப்ல மட்டும் அசூம் ரோல் வித் வெப் ஐடென்டிட்டிக்கு அனுமதி இல்லன்னு வருது. அதுல என்விரான்மென்ட் புரொடக்‌ஷன்னு ஒரு வரி சேர்த்தேன், வேற வித்தியாசம் இல்ல. வெள்ளை ஸ்கிரீனுக்கும் யாராவது வழி சொல்லுங்க.

---

ராயபுரம்_ரன்னர்:

அந்த ஒரு வரிதான். ஜாப்ல என்விரான்மென்ட் போட்டா சப் கிளெய்ம்ல பிராஞ்ச் பேர் வராது, அதுக்குப் பதிலா என்விரான்மென்ட் பேர் வரும். பாலிசில அந்த வடிவத்தையும் சேருங்க. கூடவே கிட்ஹப் செட்டிங்ஸ்ல அந்த என்விரான்மென்ட்டுக்கு மெயின் பிராஞ்ச் மட்டும்னு கட்டுப்பாடு வைங்க, ஏன்னா இப்போ பிராஞ்சைச் சரிபார்க்கிற வேலை அங்க போயிடுச்சு. மேனேஜர் ஓகே கொடுக்கிற பட்டன் பிரைவேட் ரெப்போல எல்லா பிளானுக்கும் கிடைக்காது, அதை நம்பித் திட்டம் போடுறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க.

பெர்மிஷன்ஸ் பிளாக்ல ஐடி டோக்கன் ரைட் மட்டும் எழுதினா மத்த எல்லா அனுமதியும் காலியாயிடும். கன்டென்ட்ஸ் ரீட் சேர்த்து எழுதலன்னா பிரைவேட் ரெப்போ செக்அவுட்டே ஆகாது.

---

பெரம்பூர்_லோகோ:

வெள்ளை ஸ்கிரீன். டிரைவர் போன்ல கன்சோலைத் திறக்க முடியாது, நீங்களே பழைய பேஜைத் திறந்து வெச்சுட்டு டெப்ளாய் பண்ணிப் பாருங்க. "எதிர்பாராத டோக்கன், சின்னக் கோண அடைப்பு"ன்னு ஒரு எரரோ (இது கேட் டோக்கன் இல்ல, கோட்ல வர்ற குறி), மைம் டைப் (ஃபைல் வகை) சரியில்லைன்னு ஒண்ணோ வரும்.

நடக்கிறது என்னன்னா, ரியாக்ட் பில்ட்ல ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி ஜேஎஸ் துண்டு, பேர்ல ஹாஷ் (உள்ளடக்கம் மாறினா மாறுற குறியீடு). பழைய பேஜ் பழைய ஹாஷைக் கேக்குது. நீங்க எஸ்3 சிங்க் போடுறப்போ டெலீட் ஆப்ஷனும் சேத்துப் போட்டு அந்தத் துண்டை அழிச்சிருக்கீங்க. சரி, 404 வரணும்ல? வராது. ஒரே பக்க ஆப்ங்கிறதுக்காக கிளவுட்ஃப்ரண்ட்ல 403, 404 வந்தா இண்டெக்ஸ் ஹெச்டிஎம்எல்லை 200-ஓட கொடுன்னு அமைச்சிருப்பீங்க. ஜேஎஸ் கேட்டவனுக்கு ஹெச்டிஎம்எல் கிடைச்சா பிரவுசர் என்ன பண்ணும்.

டெலீட் ஆப்ஷனை எடுங்க. முதல்ல ஹாஷ் போட்ட ஃபைல்களை ஏத்துங்க, கேஷ் 31536000 செகண்ட், இம்யூட்டபிள். அது முழுசா ஏறின பிறகு கடைசியா இண்டெக்ஸ் ஹெச்டிஎம்எல், நோ-கேஷ். கிளவுட்ஃப்ரண்ட் இன்வேலிடேஷன் (பழைய கேஷைத் துடைக்கிறது) அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் போதும், நட்சத்திரம் போட்டு எல்லாத்தையும் துடைக்க வேணாம். அந்த 404 திருப்பி விடுறதையும் கிளவுட்ஃப்ரண்ட் ஃபங்ஷனா மாத்தி, அசெட்ஸ் ஃபோல்டருக்குள்ள கேட்டா நிஜமான பிழையே வரட்டும்.

பழைய துண்டுங்களை எஸ்3 லைஃப்சைக்கிள் வெச்சு 30 நாள்ல அழிக்கலாம். ஆனா சிங்க்ல சைஸ் ஒன்லி ஆப்ஷன் போட்டிருந்தீங்கன்னா ஜாக்கிரதை. மாறாத ஃபைல் திரும்ப ஏறாது, அதோட தேதி பழசாவே நிக்கும், இன்னைக்கு ஓடிட்டிருக்கிற ரிலீஸோட ஃபைலையே லைஃப்சைக்கிள் தின்னுடும். அது இல்லாம சாதாரண சிங்க்ல ரன்னர் ஒவ்வொரு தடவையும் புதுசா கட்டுறதால தேதி புதுப்பிச்சுக்கும். ரொம்ப நாள் டெப்ளாயே இல்லாம இருந்தா அதுலயும் இதே ஆபத்துதான், அதனால 30-ஐ விட கூடுதலாவே வைங்க.

வீட் (Vite) பண்ட்லர்னா துண்டு கிடைக்காதப்போ ப்ரீலோட் எரர்னு ஒரு ஈவென்ட் கொடுக்கும். அதைப் பிடிச்சு பேஜை ரீலோட் பண்ணலாம், ஒரே தடவை மட்டும். செஷன் ஸ்டோரேஜ்ல குறிச்சு வைக்கலன்னா போன் சுத்திக்கிட்டே இருக்கும். டிரைவர் கண்டெய்னர் நம்பரை அடிச்சிட்டிருக்கிறப்போ ரீலோட் பண்ணிடாதீங்க. அந்த 11 எழுத்தையும் திரும்ப அடிக்கச் சொன்னா கேட்ல சண்டை வரும். அடிச்சதை லோக்கல் ஸ்டோரேஜ்ல வெச்சுக்கோங்க.

---

வண்ணாரப்பேட்டை_வாசுகி:

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். முன்பக்கம் ஒவ்வொரு ரெக்வஸ்டிலும் தன் வெர்ஷனை ஒரு ஹெடரில் அனுப்பட்டும், ஏபிஐ அதை லாகில் எழுதட்டும். பழைய ஃபீல்டை அழிப்பது "பல நாள் கழித்து" என்று சொன்னேனே, அதற்கு நாள் கணக்கு தேவையில்லை. பழைய வெர்ஷன் எண் லாகில் வருவது நின்றுவிட்டதா என்று பாருங்கள், அதுவே அளவுகோல். ஏபிஐயின் பதிலில் இருந்து ஒரு ஃபீல்டை எடுப்பதற்கும் இதே விதி.

---

மணலி_மார்க்கம்:

டெப்ளாய் ஜாப் பச்சை ஆயிடுச்சு, வெர்ஷன் முகவரில சரியான எஸ்ஹெச்ஏ வருது. இனிமே ரெண்டு சின்னக் கேள்வி. ஏதாவது உடைஞ்சா ராத்திரி ஷிஃப்ட்ல இருக்கிற பையன் ரோல்பேக் எப்படிப் பண்ணுவான்? சீக்ரெட்ஸ் மேனேஜர்ல பாஸ்வேர்டை மாத்தினேன், ஆப் இன்னும் பழசையே வெச்சிருக்கு, ஏன்?

---

ராயபுரம்_ரன்னர்:

ரோல்பேக்குக்கு தனி ஒர்க்ஃப்ளோ, கையால ஓட்டுறது, உள்ளீடா எஸ்ஹெச்ஏ ஒண்ணே ஒண்ணு. அது இமேஜ் கட்டாது, டெஸ்ட் ஓட்டாது, மைக்ரேஷனைத் தொடாது. அந்த டேக் இசிஆர்ல இருக்கான்னு பார்த்து, டாஸ்க் டெஃபனிஷன்ல மாத்தி, டெப்ளாய் பண்ணி, வெர்ஷனை ஒப்பிடும். கன்கரன்சி குரூப் டெப்ளாய் ஜாப்போடதே இருக்கணும், இல்லன்னா ரோல்பேக் போயிட்டிருக்கப்போ யாராவது மெர்ஜ் பண்ணி மேல ஏத்திடுவாங்க. இசிஆர் லைஃப்சைக்கிள்ல கடைசி 30 இமேஜாவது வைங்க. இமேஜை அழிச்சுட்டா பழைய டாஸ்க் டெஃபனிஷன் வெறும் பேப்பர், புல் பண்ண முடியலன்னு விழும். அந்தப் பையனை வெச்சே ஸ்டேஜிங்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

டெப்ளாய்க்கு அப்புறம் ஓடுற ஸ்மோக் டெஸ்ட்டுக்கு (முக்கிய வேலை ஓடுதான்னு பார்க்கிற சோதனை) சோதனை யார்டு ஒண்ணை டேட்டாபேஸ்ல வெச்சிருங்க. அதுல டோக்கன் போட்டு, கேட் பாஸ் வரைக்கும் போய், ரத்து பண்ணட்டும். கண்டெய்னர் நம்பர்ல 11-வது இலக்கம் செக் டிஜிட் (மத்த எழுத்தை வெச்சுக் கணக்கிடுற சரிபார்ப்பு எண்), அதைத் தப்பா கொடுத்து ஏபிஐ மறுக்குதான்னும் ஒரு வரி சேருங்க. 200 வருதான்னு மட்டும் பார்க்கிற டெஸ்ட்டுக்கு இது தெரியாது.

சீக்ரெட் விஷயம்: இசிஎஸ் அதை டாஸ்க் கிளம்புறப்போ ஒரே தடவைதான் என்விரான்மென்ட்ல போடும். நீங்க மாத்தினா ஓடிட்டிருக்கிற டாஸ்க்குக்குத் தெரியாது. அதே டாஸ்க் டெஃபனிஷனோட ஃபோர்ஸ் நியூ டெப்ளாய்மென்ட் கொடுங்க. ஒரே யூசரோட பாஸ்வேர்டை மாத்தினா, மாத்துனதுக்கும் புது டாஸ்க் ஏறுறதுக்கும் நடுவுல பழைய டாஸ்க் புதுக் கனெக்‌ஷன் திறக்க முடியாம தவிக்கும். ரெண்டு டேட்டாபேஸ் யூசர் வெச்சு மாத்தி மாத்திப் பயன்படுத்துங்க.

---

தண்டையார்பேட்டை_டெர்மினல்:

இவ்ளோ பண்றதுன்னா பழைய டோக்கனைத் துடைக்கிற ஜாப்பையும் ஆக்‌ஷன்ஸ் ஷெட்யூல்ல போட்டுடாதீங்க. பிஸி நேரத்துல அது லேட்டா கிளம்பும், சில சமயம் கிளம்பாமயே போவும். ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலர்லேர்ந்து ரன்-டாஸ்க் அடிங்க. அதுல டைம்ஸோன் ஆசியா கொல்கத்தான்னு கொடுத்தா நம்ம மணியே ஓடும். கொடுக்கலன்னா யூடிசி (உலகப் பொது நேரம்) தான், ராத்திரி 2 மணின்னு நெனச்சுப் போட்டது காலைல ஏழரைக்குப் போய் டேபிளைப் புடிக்கும்.